அலுங்காமல் குலுங்காமல்: போர்கோ வெக்கியோவில் ஒரு குடும்பக் கார்

பலெர்மோவுக்குப் போகிற நம்ம ஆட்கள் பெரும்பாலும் பல்லாரோ சந்தை, கதீட்ரல், கடற்கரை என்று சுற்றிவிட்டுத் திரும்பிவிடுவார்கள். போர்கோ வெக்கியோ அந்தப் பட்டியலில் வராது. இத்தனைக்கும் பொலித்தியாமா தியேட்டரிலிருந்து துறைமுகத்தைப் பார்த்து நடந்தால் பத்து நிமிஷம்தான். "பழைய புறஞ்சேரி" என்று பெயருக்குப் பொருள் சொல்லலாம். 16ஆம் நூற்றாண்டில் நகர மதிலுக்கு வெளியே மீனவர்களும் துறைமுகத் தொழிலாளர்களும் குடியேறிய இடம். மதில் போய், நகரம் சுற்றிலும் வளர்ந்து, இன்று இது ஊருக்கு நடுவில் மாட்டிக்கொண்ட ஒரு பழைய தெருக்கூட்டம். ஒரு பக்கம் விலை உயர்ந்த துணிக்கடைகள். இன்னொரு பக்கம் உச்சார்தோனே சிறை. அந்தச் சிறையை ஒட்டிக் கட்டிய குண்டு துளைக்காத நீதிமன்றத்தில்தான் 1986 பிப்ரவரியில் மாஃபியா மீதான பெரிய வழக்கு ஆரம்பித்தது.

சாயங்காலம் ஆனால் இங்கே தெருவிலேயே அடுப்பு எரியும். ஆட்டுக்குடலை வெங்காயத்தாளில் சுற்றிச் சுடுவார்கள், ஸ்திக்கியோலா என்று பெயர். புகை மூன்று தெரு தாண்டி வரும். சைவக்காரர்களுக்குக் கடலை மாவில் செய்த பனெல்லே இருக்கிறது. நம்ம பஜ்ஜி மாவை வெங்காயம், வாழைக்காய் எதுவும் இல்லாமல் தட்டிப் பொரித்தால் எப்படியிருக்கும், கிட்டத்தட்ட அதுதான். பால்கனிக்குப் பால்கனி துணி காயும். பிள்ளைகள் பந்து விளையாடும். நடுவில் ஸ்கூட்டர், அதற்கும் நடுவில் பியாஜ்ஜியோவின் மூன்று சக்கர ஆப்பே வண்டி. அதைப் பார்த்ததும் அம்மா, "நம்மூரு ஆட்டோ இங்க எப்படிடா வந்துச்சு?" என்று கேட்டார். கதை தலைகீழ். 1948இல் இத்தாலியில் பிறந்த வண்டி அது. பஜாஜ் அதன் உரிமம் வாங்கித்தான் இந்தியாவில் ஆட்டோ செய்ய ஆரம்பித்தது.

இந்தத் தெருக்களுக்குள் ஒரு செடான் காரை எடுத்துக்கொண்டு எதற்குப் போக வேண்டும்? நியாயமான கேள்வி.

நாங்கள் ஜெர்மனியில் ஷ்டுட்கார்ட் பக்கம் இருக்கிறோம். திருச்சியிலிருந்து அப்பாவும் அம்மாவும் மூன்று மாதம் தங்க வந்திருந்தார்கள். அப்பா பொதுப்பணித்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முப்பது வருஷம் தமிழ்நாட்டுச் சாலையெல்லாம் ஜீப்பிலும் அம்பாசிடரிலும் அலைந்த முதுகு, இப்போது கணக்கு கேட்கிறது: எல்4-எல்5 வட்டு நழுவல். உட்கார்ந்து பயணம் செய்யலாம், ஆனா தூக்கிப் போடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அம்மாவுக்கு வேறு பிரச்சினை. வளைவு வந்தால் வாந்தி. ஊட்டிக்கு ஒரே ஒரு முறை போயிருக்கிறார், அதுவும் பர்லியாறு வரைக்கும்தான். எங்கள் பழைய சின்ன காரை மாற்றும் நேரமும் வந்திருந்தது. பெற்றோர் இனி வருஷாவருஷம் வருவார்கள் என்றால் அவர்கள் உட்காரக்கூடிய கார் வேண்டும். அந்த அளவுக் காரை ஒரு வாரம் வாடகைக்கு எடுத்து, நல்ல ரோடு, கெட்ட ரோடு, மலை ரோடு எல்லாத்திலும் ஓட்டிப் பார்ப்போம் என்பதுதான் திட்டம். ஷோரூமில் கொடுக்கிற பதினைந்து நிமிஷ ஓட்டத்தில் எந்த முதுகும் உண்மை சொல்லாது.

'நடுத்தர செடான்' என்கிற வார்த்தைக்கு ஊருக்கு ஊர் அர்த்தம் வேறு, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் ஹோண்டா சிட்டி, வெர்னா மாதிரி நாலரை மீட்டர் கார்களைச் சொல்வோம். அமெரிக்காவிலும் கனடாவிலும் அது டொயோட்டா கேம்ரி, ஹோண்டா அக்கார்ட்: ஐந்து மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஐரோப்பாவில் அந்த இடத்தில் பஸாட், ஸ்கோடா சூப்பர்ப் இருந்தன. 'இருந்தன' என்றே சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே செடான் அருகிக்கொண்டே வருகிறது. ஃபோர்டு மொண்டியோ ஐரோப்பாவில் 2022இல் நின்றுபோனது. புதிய பஸாட் இங்கே பின்பக்கம் நீண்ட ஸ்டேஷன் வேகனாக மட்டுமே கிடைக்கிறது. எல்லோரும் எஸ்யூவி பக்கம் போய்விட்டார்கள். டொராண்டோவிலும் நியூஜெர்சியிலும் இருக்கிற நம்ம சொந்தக்காரர்கள் வீட்டு வாசலில் மட்டும் கேம்ரி அசையாமல் நிற்கிறது.

பலெர்மோ விமான நிலையத்தில் எங்களுக்குக் கொடுத்த காரின் பெயரையும் கம்பெனியையும் விடுங்கள். நாங்கள் பதிவு செய்தது சாதாரண ரகம். கொடுத்தது அதே மாடலில் 'ஸ்போர்ட்' ரகம். கூடுதல் காசு இல்லை, உங்களுக்கு அதிர்ஷ்டம் என்று கவுண்டரில் இருந்தவர் சிரித்தார். சீட்டில் சிவப்புத் தையல், பளபளக்கும் பெரிய சக்கரம். மகளுக்கு ரொம்பப் பிடித்தது. ஆறு வயதுக்கு முதுகெலும்பு ரப்பர் மாதிரி.

விமான நிலையத்திலிருந்து நகரத்துக்கு ஏ29 நெடுஞ்சாலை. வழியில் காபாச்சி என்ற இடத்தில் சாலையின் இரண்டு பக்கமும் செங்குத்தாக இரண்டு தூண்கள் நிற்கும். 1992 மே 23 அன்று நீதிபதி ஜொவான்னி ஃபால்கோனே இங்கேதான் கொல்லப்பட்டார். சாலைக்கு அடியில் வெடிமருந்து வைத்திருந்தார்கள். அவர் போனது ஃபியட் குரோமாவில், அந்தக் காலத்து இத்தாலியின் நடுத்தரக் குடும்பக் கார். மூன்று குரோமாக்கள் வரிசையாக வந்தன. நடுவில் வந்த வெள்ளைக் காரை அவரே ஓட்டினார், மனைவி பக்கத்தில். டிரைவர் பின் சீட்டில் இருந்ததால் பிழைத்தார். முன்னால் போன காரில் இருந்த மூன்று காவலர்களும் இறந்தார்கள். சசி காரும் லான்சியா காரும் ஆல்ஃபா காரும் பங்கு போட்டுக்கொண்ட அடித்தளத்தில் செய்த வண்டி என்று குரோமாவைப் பற்றி எங்கேயோ படித்ததை அப்பாவிடம் சொல்ல வாயெடுத்தேன்... சொல்லவில்லை. சாப் என்பதைச் சசி என்று உளறியிருப்பேன் வேறு. அவர் தூண்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

நெடுஞ்சாலையில் கார் நன்றாகத்தான் ஓடியது. அப்பாவும், "பரவால்லப்பா, அலுங்கல" என்றார். போர்கோ வெக்கியோவுக்குள் திரும்பிய முதல் ஐம்பதாவது மீட்டரில் பேச்சு நின்றுவிட்டது.

பலெர்மோவின் பழைய தெருக்களில் சாம்பல் நிறக் கற்பலகை பாவியிருப்பார்கள். பலாத்தே என்பார்கள், அரபி மொழியிலிருந்து வந்த சொல். பல நூறு வருஷம் செருப்பும் சக்கரமும் தேய்த்து மழையில் கண்ணாடி மாதிரி மின்னும். போர்கோவில் சில இடத்தில் இந்தக் கல், சில இடத்தில் தார், தாருக்கு மேல் ஒட்டுப்போட்ட தார், நடுவில் குழாய் பதித்து மூடிய பள்ளம். திருச்சி பெரிய கடைவீதியில் மழைக்காலம் முடிந்த மறுவாரம் எப்படி இருக்கும், அப்படி. நான் மணிக்கு பத்து கிலோமீட்டர் வேகத்தில் பூ மாதிரித்தான் ஓட்டினேன். அப்பா மேல்கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உடம்பைச் சீட்டிலிருந்து அரை அங்குலம் தூக்கியே வைத்திருந்தார். நூறு மீட்டர் போனதும், "நிறுத்துப்பா. நான் நடந்தே வர்றேன்" என்றார். மறுநாள் செஃபலூ போவதாக இருந்தது. "நீங்க போயிட்டு வாங்க, நான் வீட்லயே இருக்கேன்" என்று அன்று ராத்திரியே சொல்லிவிட்டார்.

எனக்கு அதுதான் உறைத்தது. சின்ன வயதில் எங்களை ராமேஸ்வரம், குற்றாலம், மூணாறு என்று இழுத்துக்கொண்டு போனவர் அவர். ரோடு என்றால் முகம் மலர்கிற ஆள். 'வீட்லயே இருக்கேன்' என்பது ஒரு நாள் பேச்சாக இருந்தால் பரவாயில்லை. வழக்கமாகிவிட்டால், மூன்று மாதம் ஜெர்மனிக்கு வந்து நாலு சுவரைப் பார்த்துவிட்டு ஊருக்குப் போவார்.

ராத்திரி தூக்கம் வரவில்லை, கணக்குப் போட்டேன். இஞ்சினியர் புத்தி, மன்னிக்க வேண்டும்.

மனித உடம்பு எல்லாக் குலுக்கலையும் ஒரே மாதிரி உணர்வதில்லை. உட்கார்ந்திருக்கும் ஆளை மேலும் கீழும் ஆட்டினால், வினாடிக்கு 4 முதல் 8 தடவை வரைக்கும் ஆட்டும்போதுதான் முதுகும் வயிறும் அதிகமாக வாங்குகின்றன. உடல் அதிர்வுக்கான ஐ.எஸ்.ஓ. 2631 என்ற சர்வதேசத் தரநிலையும் ஏறக்குறைய அந்த எல்லைக்குத்தான் அதிக எடை கொடுக்கிறது. நல்ல குடும்பக் காரின் ஸ்பிரிங் வினாடிக்கு 1 முதல் 1.5 தடவை ஆடும்படி வைத்திருப்பார்கள், நாம் நடக்கும்போது உடம்பு ஏறி இறங்கும் தாளத்துக்குப் பக்கத்தில். அதனால்தான் அது தாலாட்டு மாதிரி இருக்கிறது. ஸ்போர்ட்ஸ் கார் என்றால் 2 அல்லது அதற்கும் மேலே.

இப்போது கல்லைப் பாருங்கள். வாசலில் போய் பலகைகளைக் காலால் அளந்தேன், ஒன்று சுமார் 40 சென்டிமீட்டர். மணிக்கு 10 கிலோமீட்டர் என்றால் வினாடிக்கு 2.8 மீட்டர். அதாவது வினாடிக்கு ஏழு இடுக்கு. சரியாக முதுகு வெறுக்கிற அந்த 4–8க்குள்! பூ மாதிரி ஓட்டினால் தேவலை என்பது எப்போதும் உண்மை இல்லை. இருபதில் போனால் வினாடிக்கு 14 ஆகிவிடும். அது முதுகுக்குக் குறைவு, ஆனால் சக்கரமே தனியாகத் துள்ள ஆரம்பிக்கிற எல்லை அது, ஸ்டீரிங் நடுங்கும். அதோடு பந்து விளையாடுகிற பிள்ளைகள் நடுவில் இருபதில் எப்படிப் போவது. ஆகவே வேகத்தில் தப்பிக்க வழியில்லை. ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் பெரிய பள்ளத்துக்குத்தான். இந்தச் சின்னச் சின்ன இடுக்கை விழுங்க வேண்டியது டயர். இங்கேதான் அந்தப் பளபளப்பான சக்கரம் வருகிறது.

டயரின் பக்கச்சுவரில் ஒரு எண் எழுதியிருக்கும். எங்களுக்கு வந்த காரில் 235/40 ஆர்19. 235 என்பது மில்லிமீட்டரில் அகலம், 40 என்பது அந்த அகலத்தில் பக்கச்சுவரின் உயரம் எத்தனை சதவீதம் என்பது, 19 என்பது உள்ளே இருக்கும் இரும்பு வளையத்தின் விட்டம், அங்குலத்தில். கணக்குப் போட்டால் ரப்பர் சுவரின் உயரம் 94 மில்லிமீட்டர். இதே மாடலின் சாதாரண ரகத்துக்கு 215/55 ஆர்17. அதன் சுவர் 118 மில்லிமீட்டர். வெளிவிட்டம் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான், 67 சென்டிமீட்டர். வித்தியாசமெல்லாம் உள்ளே: 24 மில்லிமீட்டர் காற்றை எடுத்துவிட்டு அந்த இடத்தில் உலோகத்தை வைத்திருக்கிறார்கள். அதுவும் கனமான உலோகம். ஸ்பிரிங்குக்குக் கீழே கனம் கூடக்கூட, கல்லில் மோதிய சக்கரத்தை அடக்குவது கஷ்டம். இந்த மாற்றத்துக்குக் கடையில் கூடுதலாகப் பணம் வாங்குகிறார்கள் என்பதுதான் வேடிக்கை.

மறுநாள் காலையில் தெருமுனைக் கடையில் காப்பி குடிக்கப் போனபோது அங்கே ஒரு யாழ்ப்பாணத்து ஐயாவைப் பார்த்தோம். பலெர்மோவில் 1980களிலிருந்து ஈழத்தமிழர்கள் இருக்கிறார்கள். பல்லாரோ பக்கம் தமிழ்க் கடைகளே உண்டு. மலை மேல் இருக்கிற புனித ரொசாலியா குகைக்கோயிலுக்கு நம்ம இந்துக் குடும்பங்களும் நேர்த்தி வைத்து ஏறுவார்கள் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அப்பாவும் அம்மாவும் தமிழில் பேசுவதைக் கேட்டுவிட்டு அவரே வந்தார்.

"நீங்கள் இந்தியாவோ?"

"ஆமாங்க, திருச்சி" என்றார் அப்பா.

அப்புறம் நாற்காலி இழுத்துப் போட்டாயிற்று. முப்பது வருஷமாக இங்கே டெலிவரி வண்டி ஓட்டுகிறாராம். வெளியே நின்ற காரைச் சுற்றி ஒரு நடை நடந்தார். டயரைக் காலால் ஒரு தட்டு.

"இந்தக் கல்லு ரோட்டிலை பெரிய ரிம் போட்ட கார் சரிவராது தம்பி. ரயருக்குக் கொஞ்சம் வயிறு இருக்கோணும். காத்தும் கூட அடிச்சிருக்கிறாங்கள் போல."

டிரைவர் கதவைத் திறந்தால் நடுத்தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். எத்தனை பேருக்கு எவ்வளவு காற்று என்று அதில் போட்டிருக்கும். ஐந்து பேருக்கும் பெட்டிகளுக்கும் சேர்த்தே போட்டிருந்ததைவிட அரை பார் அதிகமாக இருந்தது காற்று. வாடகை வண்டிகளை வாராவாரம் யார் பார்ப்பது, கூடுதலாக அடித்து விட்டுவிடுகிறார்கள். பெட்ரோல் பங்கில் இறக்கினோம். ஐந்து நிமிஷ வேலை, செலவில்லை. பல்லைக் கடிக்க வைத்த அதிர்வு கொஞ்சம் மழுங்கியது.

அப்பாவும் ஐயாவும் அதற்குள் பழைய கார்களுக்குப் போய்விட்டார்கள். அப்பாவுக்கு அம்பாசிடர். 1950களின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டை எடுத்து இந்துஸ்தான் மோட்டார்ஸ் 2014 வரைக்கும் செய்த வண்டி. பின்னால் பட்டை ஸ்பிரிங். தொழில்நுட்பம் என்று பார்த்தால் மாட்டு வண்டிக்கு ஒரு படி மேல். ஆனால் சோபா மாதிரி சீட்டும் உயரமான டயரும் இருந்ததால் பின்னால் உட்கார்ந்தவர்கள் அரசர் மாதிரிப் போனார்கள். ஐயாவுக்கு ஆஸ்டின் ஏ40. யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடை இருந்த 1990களில் பெட்ரோல் கிடையாது.

"ஸ்டார்ட் பண்ண மட்டும் ரெண்டு சொட்டுப் பெற்றோல் விடுறது. பிறகு முழுக்க மண்ணெண்ணெயிலைதான் ஓடினது. புகை, மணம் எல்லாம் இருக்கும். ஆனா பிள்ளைத்தாச்சியை ஏத்திக்கொண்டு போனாலும் பயமில்லை அண்ணை, அந்த ஸ்பிரிங் அப்பிடி."

அது எந்த ரோடு என்றும் நினைத்துப் பாருங்கள். அந்த ரோடுகளில் கர்ப்பிணிகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவருக்குச் சொகுசு என்றால் என்ன என்று நம்மைவிட நன்றாகத் தெரியும். டேஷ்போர்டில் எத்தனை அங்குலத் திரை என்று அவர் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

அன்று மத்தியானமே காரைக் கொண்டுபோய், நாங்கள் பதிவு செய்த சாதாரண ரகத்தைக் கேட்டேன். ஒரு மணி நேரம் நிற்க வேண்டியிருந்தது. கொடுத்தார்கள். அதே மாடல், அதே இஞ்சின், 17 அங்குலச் சக்கரம், சிவப்புத் தையல் இல்லை. ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாற்றிப் பார்க்கிற வாய்ப்பு மென்பொருள் வேலையிலேயே அபூர்வம், இங்கே தானாக அமைந்தது. (சரியாகச் சொன்னால் ஸ்போர்ட் ரகத்தில் ஸ்பிரிங்கும் கொஞ்சம் இறுக்கமாக, பத்துப் பதினைந்து மில்லிமீட்டர் தாழ்வாக இருக்கும். ஆக இரண்டு விஷயம்.) போர்கோவின் அதே தெரு, அதே பத்து கிலோமீட்டர். கல் தெரிந்தது, ஆனால் இடிக்கவில்லை. செருப்பில்லாமல் நடப்பதற்கும் ரப்பர் செருப்பு போட்டு நடப்பதற்கும் உள்ள வித்தியாசம். அப்பா கைப்பிடியைப் பிடித்தார், பிறகு கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்து முன் சீட் தகராறு. முதுகுத் தாங்கலைக் காற்றடித்து முன்னே பின்னே நகர்த்துகிற வசதி பெரும்பாலான கார்களில் முன் சீட்டுக்குத்தான் உண்டு. அதனால் அப்பாவுக்கு முன் சீட் வேண்டும். தலைசுற்றல் வராமல் இருக்க அடிவானத்தைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். அதனால் அம்மாவுக்கும் முன் சீட் வேண்டும். தவிர, பின் சீட் என்பது பின் அச்சுக்குப் பக்கத்தில் இருக்கும். பள்ளத்தில் பின் சக்கரம் விழுந்தால் முதல் குத்து அங்கேதான். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே நீளம் கூடினால் இந்தத் தூக்கல் குறையும், 2.8 மீட்டர் இருக்கிற பெரிய செடானில் பின் சீட் சௌகரியமாக இருப்பதற்கு அதுவும் காரணம். விலை குறைந்த கார்களில் பின்சக்கரம் இரண்டையும் ஒரே இரும்புத் தண்டு இணைத்திருக்கும், இடது பக்கம் பள்ளத்தில் விழுந்தால் வலது பக்கத்துக்காரருக்கும் தெரியும். கொஞ்சம் விலை கூடினால் சக்கரத்துக்குச் சக்கரம் தனித்தனிக் கைகள். கார் வாங்கும்போது விற்பனையாளர் இதைத் தானாகச் சொல்ல மாட்டார். நாம்தான் குனிந்து கேட்க வேண்டும்.

ஒப்பந்தம் இப்படி ஆனது: ஊருக்குள் கல் ரோட்டில் அப்பா முன்னால், மலையில் அம்மா முன்னால்.

மலை என்றால் மோந்தே பெல்லெக்ரினோ, சுமார் 600 மீட்டர். நகரத்தை ஒட்டியே எழும்புகிறது, ரொசாலியா கோயில் அதன் மேல்தான். கொண்டை ஊசி வளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாக. குமட்டலுக்குக் காரணமான ஆட்டம், முதுகை வாட்டும் ஆட்டத்துக்கு நேர் எதிர். ஐந்து வினாடிக்கு ஒரு தடவை என்கிற மாதிரி மெதுவான ஊசலாட்டம்தான் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பைக் குழப்புகிறது. அப்பாவுக்காக மெத்தை மாதிரி மென்மையான கார் வாங்கினால் வளைவில் அது படகு மாதிரி சாயும், அம்மாவுக்கு ஆகாது. அம்மாவுக்காக இறுக்கமான கார் வாங்கினால் அப்பாவுக்கு ஆகாது. ஒரே வீட்டில் இரண்டு பேருக்கு இரண்டு வைத்தியம்! உயரமான எஸ்யூவி இங்கேதான் தோற்கிறது. உயரத்துக்கு ஏற்ப அதிகம் சாயும், சாயாமல் இருக்க ஸ்பிரிங்கை இறுக்குவார்கள், இறுக்கினால் குலுக்கும். தாழ்ந்த செடானுக்கு அந்த நெருக்கடி குறைவு. எஸ்யூவிக்கு ஒரே ஒரு நியாயமான சாதகம் உண்டு: சீட் இடுப்பு உயரத்தில் இருப்பதால் பெரியவர்கள் ஏறி இறங்குவது சுலபம். செடானில் விழுந்து உட்கார்ந்து, கையை ஊன்றி எழ வேண்டும். அப்பாவுக்கு முதலில் திரும்பி உட்கார்ந்து, பிறகு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே வைக்கப் பழக்கினோம். அம்மா சேலையில் அதை எங்களுக்கு முன்னாலிருந்தே அப்படித்தான் செய்துகொண்டிருந்தார்.

அம்மா வாந்தி எடுக்காமல் மேலே வந்து சேர்ந்தார். காருக்குப் பாதிப் பெருமை, இஞ்சி மிட்டாய்க்குப் பாதி. கோயில் மலைக்குகைக்குள் இருக்கிறது, சுவரில் தண்ணீர் கசிகிறது. 1624இல் பிளேக் வந்தபோது இந்தப் புனிதையின் எலும்புகளைக் கண்டெடுத்து ஊர்வலம் போனதாகவும் நோய் நின்றதாகவும் நம்பிக்கை. சமயபுரத்தாளைக் கும்பிடுகிறவருக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியிருக்கவில்லை.

சொகுசு அம்சங்கள் என்று கடைக்காரர் அடுக்குகிற மற்றவற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். போர்கோ வெக்கியோவில் அவை பாதி தொல்லை. கண்ணாடிகளையும் சேர்த்தால் கார் இரண்டு மீட்டரைத் தாண்டும். தெருவில் தக்காளிக் கூடை, ஸ்கூட்டர், பாட்டி, பூனை. நாலு பக்கமும் சென்சார் அலறிக்கொண்டே இருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் விற்கிற புதுக் கார் எல்லாவற்றிலும் வேக எல்லை எச்சரிக்கை கட்டாயம், அது தன் பங்குக்கு ஒரு மணி அடிக்கும். "யாருப்பா அது, உள்ள உக்காந்துக்கிட்டு கத்திக்கிட்டே இருக்கிறது?" என்று அப்பா கேட்டார். மேலிருந்து பார்ப்பது மாதிரி காட்டுகிற 360 டிகிரி கேமரா மட்டும் காசுக்குத் தகுந்த பொருள். சீட் சூடாவது சிசிலிக்கு வேண்டாம், ஷ்டுட்கார்ட் ஜனவரியில் நோவுக்கு ஒத்தடம். காற்றோட்டச் சீட் நேர் எதிர். பின் சீட்டுக்குத் தனி ஏசி துவாரம் இல்லாத காரை இந்தியப் பெற்றோர் வருகிற வீட்டில் வாங்கவே கூடாது. மசாஜ் சீட்டைப் பற்றி அம்மா சொன்னது: "யாரோ பின்னாலேருந்து முட்டியால இடிக்கிற மாதிரி இருக்கு."

செஃபலூவுக்கு அப்பாவும் வந்தார். போகும்போது அவர் முன்னால், கிழக்கே ஏ19. வழியில் தெர்மினி இமெரேசே. ஃபியட் 1970இல் அங்கே தொழிற்சாலை திறந்து, 2011 முடிவில் மூடியது. கடைசியாகச் செய்தது லான்சியா இப்ஸிலோன். சாலையிலிருந்தே பெரிய கட்டடங்கள் தெரிந்தன. "மறைமலைநகர் ஃபோர்டு மாதிரியா?" என்றார் அப்பா. ஆமாம் என்றேன். இந்த ஏ19 பெரும்பகுதி பாலங்கள் மேலேயே போகிற சாலை. உள்ளே தள்ளி ஹிமேரா பாலத்தின் தூண்களை 2015 ஏப்ரலில் மண்சரிவு சாய்த்து, அந்தப் பக்கம் திரும்பத் திறக்க 2020 ஆகிவிட்டது. பொதுப்பணித்துறைக்காரருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? பாலத்துக்குப் பாலம் இணைப்பில் சக்கரம் 'தடக்' என்று விழும்போதெல்லாம், "எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தார். அரை மணி நேரத்தில் முதுகைப் பற்றிய பேச்சே இல்லை.

ஷ்டுட்கார்ட் திரும்பியதும் காருக்கு ஆர்டர் கொடுத்தோம். 17 அங்குலச் சக்கரம், தானாக இறுகித் தளரும் ஷாக் அப்சார்பர், முன் இரண்டு சீட்டுக்கும் முதுகுத் தாங்கல், பின்னால் ஏசி துவாரம். விற்பனையாளர், இந்த மாதம் மட்டும் 19 அங்குலச் சக்கரம் இலவசம் என்றார். வேண்டாம் என்றதற்குக் காரணம் கேட்டார். அப்பா பக்கத்தில்தான் இருந்தார், அவருக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அவரே பலெர்மோ கதையைச் சொல்ல ஆரம்பித்தார். இருபது நிமிஷம் ஆனது.

நீங்கள் போர்கோ வெக்கியோ போவதாக இருந்தால் காரைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் கட்டண நிறுத்தத்தில் விட்டுவிட்டு நடங்கள். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் போங்கள். பனெல்லேவை எலுமிச்சை பிழிந்து சூடாகவே சாப்பிட வேண்டும்.